ஒரே எடைத் தோட்டா, இரண்டு துப்பாக்கி: குறியை முடிவு செய்யும் 'முறுக்கு' என்றால் என்ன?

பாயான் லெப்பாஸிலிருந்து ஜெட்டிக்குப் போகும் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கே நிற்கிற ஸ்ரீ ரம்பாய் பீரங்கியோடு செல்ஃபி எடுக்காத பினாங்குப் பிள்ளைகள் குறைவு. 1603-ல் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி அது. அந்தக் காலத்துப் பீரங்கிகளின் உட்புறம் வழவழப்பான ஒரு குழாய்தான். ஒரு கோடு, ஒரு பள்ளம் கிடையாது.

இப்போது பாயான் லெப்பாஸ் பக்கமே திரும்பி வாருங்கள். விமான நிலையத்துக்குத் தெற்கே, பாத்து மாவுங் குன்றில் 1930-களில் பிரிட்டிஷார் ஒரு கோட்டை கட்டினார்கள். பின்னாளில் போர் அருங்காட்சியகமாக மாறிய இடம் அது. அந்தத் தலைமுறைப் பீரங்கிகளின் குழலுக்குள் பார்த்தால், திருகாணியின் உள்மரை மாதிரி சுருள் சுருளாகப் பள்ளங்கள் ஓடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றம்தான் நம்முடைய கேள்வி. குழலுக்குள் எத்தனை முறுக்கு இருக்கணும்? அதை யார் முடிவு செய்வது? துப்பாக்கியா, தோட்டாவா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். தோட்டாதான் முடிவு செய்கிறது. அதுவும் அதன் எடை இல்லை, நீளம். இதைக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் கடலூரும் வருகிறது, தென்னிந்தியாவின் ஊதுகுழலும் வருகிறது, 1857-ன் சிப்பாய்களும் வருகிறார்கள்.

மஸில்லோடர் என்றால் என்ன?

இன்றைய துப்பாக்கிகளில் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடுகிறார்கள். பழைய துப்பாக்கியில் எல்லாமே முன்பக்கம், அதாவது குழலின் வாய் வழியாகத்தான். முதலில் வெடிமருந்தைக் கொட்டணும். அதன் மேல் ஈயக் குண்டை வைக்கணும். பிறகு ஒரு நீளக் கம்பியால் அடிவரைக்கும் இடித்து இறக்கணும். அதனால்தான் இதற்கு மஸில்லோடர் என்று பெயர். நம் தாத்தா காலத்துப் பேச்சில் 'மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி'.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வாய் வழியாகச் சுலபமாக இறங்கணும் என்றால் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கணும். ஆனால் நேராகப் பாயணும் என்றால் குழலை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வெளியே வரணும். உள்ளே போகும்போது தளர்வு, வெளியே வரும்போது இறுக்கம். இரண்டும் ஒரே குண்டுக்கு எப்படி முடியும்? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பல தலைமுறைகள் மண்டையை உடைத்துக்கொண்டன.

உருண்டைக் குண்டு ஏன் வழி தவறுகிறது?

18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்தது வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட். குண்டு தளர்வாக இருப்பதால், சுடும்போது குழலின் சுவரில் அங்கும் இங்கும் மோதிக்கொண்டே வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசுகிறதோ, அதைப் பொறுத்து ஒரு சுழற்சி தொற்றிக்கொள்ளும்.

கால்பந்து ஃப்ரீ கிக் ஞாபகம் இருக்கா? பந்தை ஓரமாக உதைத்தால் அது சுழன்றபடியே காற்றில் வளைந்து போகும். உருண்டைக் குண்டுக்கும் அதேதான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: ஆட்டக்காரருக்குப் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று தெரியும்; சிப்பாய்க்குத் தெரியாது. அதனால் நூறு கெஜத்துக்கு மேல் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதை முதன்முதலில் அறிவியலாக விளக்கியவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். 1742-ல் பீரங்கிக் கலை பற்றிப் புதிய அடிப்படைகளோடு ஒரு நூல் வெளியிட்டார். 1747-ல் லண்டன் ராயல் சொசைட்டியில், சுருள் பள்ளம் வெட்டிய குழல்களின் பயன் பற்றி ஓர் ஆய்வுரை தந்தார். குண்டு தன் போக்கில் கண்டபடி சுழல்வதுதான் பிரச்சினை. நாமே அதற்கு ஒரு திட்டமான சுழற்சியைக் கொடுத்துவிட்டால் அது நேராகப் போகும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். இந்த உத்தியை முழுதாகக் கைவசப்படுத்தும் நாடு மற்ற நாடுகளை மிஞ்சிவிடும் என்றும் எச்சரித்தார்.

பிறகு அவர் எங்கே போனார் தெரியுமா? நம்ம கடலூருக்கு. கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-ல் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கோட்டைகளைப் பலப்படுத்தும் வேலை. மறுவருஷமே, 1751 ஜூலையில், காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். அவர் சொன்னதை ராணுவங்கள் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவர இன்னும் நூறு வருஷம் ஆனது.

முறுக்கு வீதம்: எளிமையாகச் சொன்னால்?

குழலின் உட்சுவரில் வெட்டும் சுருள் பள்ளங்களுக்கு ரைஃபிளிங் என்று பெயர். ரைஃபிள் என்ற சொல்லே இதிலிருந்துதான் வந்தது. குண்டு அந்தப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்போது, பம்பரத்தில் சாட்டையைச் சுற்றி இழுத்த மாதிரி சுழலத் தொடங்கும்.

ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு நீளம் ஆகிறது என்பதுதான் முறுக்கு வீதம். 'ஒன்றுக்கு 78' என்றால், 78 அங்குலம் நகர்ந்தால் தோட்டா ஒரு முறை சுற்றும். 'ஒன்றுக்கு 20' என்றால், 20 அங்குலத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். இங்கே பலர் குழம்புவார்கள்: எண் சின்னதானால் முறுக்கு வேகம், எண் பெரிதானால் முறுக்கு மெதுவு.

நீளத் தோட்டாவுக்கு ஏன் கூடுதல் சுழற்சி?

உருண்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் உருண்டைதான். அது தலைகுப்புறப் புரள வழியே இல்லை. அதனால் கொஞ்சம் சுழற்சி போதும்.

ஆனால் அதே ஈயத்தை ஒல்லியாக, நீளமாக வார்த்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும். தூரம் போக இதுதான் வழி. பிரச்சினை என்னவென்றால், எதிர்க்காற்றின் அழுத்தம் தோட்டாவின் எடை மையத்துக்கு முன்னால் மூக்குப் பகுதியில் வந்து விழும். அது மூக்கைத் தள்ளித் தோட்டாவைக் கவிழ்க்கப் பார்க்கும். தோட்டா எவ்வளவு நீளமோ, இந்தக் கவிழ்க்கும் பிடி அவ்வளவு பலம்.

இரண்டு உதாரணங்கள் பார்க்கலாம்.

ஒன்று, பம்பரம். மலாய் நண்பர்களைக் கேட்டால் காசிங் என்பார்கள். குட்டையான, அகலமான காசிங் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். அதே எடையில் உயரமான, ஒல்லியான பம்பரம் செய்து பாருங்கள். வேகமாகச் சுழன்றால்தான் நிற்கும்; வேகம் குறைந்ததும் தலையாட்டி விழுந்துவிடும். நீளத் தோட்டாவும் அப்படித்தான்.

இரண்டு, பேட்மிண்டன் இறகுப்பந்து. அதன் கனமான தலை எப்போதும் முன்னால் வரும், வால் பின்னால் இழுபடும். தலையில் எடை இருப்பதால் நேராக நிற்க அதற்குப் பெரிய சுழற்சி தேவையில்லை. தோட்டாவின் பின்பக்கத்தைக் குடைந்து எடையை முன்னால் தள்ளினால், அதுவும் கொஞ்சம் இறகுப்பந்து மாதிரி நடந்துகொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

ஊதுகுழல் சொல்லிக்கொடுத்த பாடம்

தளர்வாக உள்ளே போய் இறுக்கமாக வெளியே வரணும் என்ற முடிச்சுக்கு ஒரு விடை தென்னிந்தியாவிலிருந்து கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் 34-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் தென்னிந்தியாவில் பணியாற்றினார். இங்குள்ள மக்கள் ஊதுகுழலில் பயன்படுத்திய அம்புகளை அவர் கவனித்தார். அம்பின் அடிப்பகுதியில் மென்மையான தாவரச் சோறு வைத்திருந்தார்கள். ஊதியதும் அது விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் தப்பாது. முழு விசையும் அம்பைத் தள்ளும்.

மலேசிய வாசகர்களுக்கு இது புதுசில்லை. ஒராங் அஸ்லி மக்களின் சும்பிட் அம்பின் அடியிலும் இதே மாதிரி மென்சோறுக் கட்டை இருக்கும்.

நார்ட்டன் இதைத் தோட்டாவுக்குப் பொருத்திப் பார்த்தார். அடிப்பக்கம் குடைந்த ஈயத் தோட்டா. மருந்து வெடித்ததும் அந்தக் குடைவு விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. 1836-ல் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கி செய்பவர் அடியில் ஒரு செருகியை வைத்து மேம்படுத்தியதையும் தள்ளிவிட்டது. 1849-ல் பிரான்சின் கேப்டன் மினியே இதே கருத்தில் செய்த தோட்டா பேர் வாங்கியது. கடைசியில் பிரிட்டன் மினியேவுக்கு 20,000 பவுண்டு கொடுத்தது. சொந்த ஊர்க்காரரான கிரீனருக்கு 1857-ல் 1,000 பவுண்டு. ஊதுகுழல் செய்த மக்களுக்கு? ஒன்றுமில்லை; அவர்கள் பேர்கூட எங்கும் இல்லை.

என்ஃபீல்டு - விட்வொர்த்: ஒரே எடை, வேறு முடிவு

1853-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு என்ஃபீல்டு ரைஃபிள் வந்தது. மினியே வழியில் வந்த விரியும் தோட்டா. குழலின் விட்டம் 0.577 அங்குலம், நீளம் 39 அங்குலம், மூன்று பள்ளங்கள், முறுக்கு ஒன்றுக்கு 78. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குழலை விட்டு வெளியே வருவதற்குள் தோட்டா சரியாக அரைச்சுற்றுதான் சுற்றும்.

பழைய மஸ்கெட்டோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய பாய்ச்சல். ஆனால் இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்று அரசாங்கம் ஒருவரைக் கேட்டது. அவர்தான் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிற அண்ணன்களுக்கு இந்தப் பேர் பழக்கமாக இருக்கும். திருகாணி மரைகளுக்கு 1841-ல் ஒரே அளவுமுறையை முன்வைத்த அதே விட்வொர்த். துப்பாக்கி அவர் தொழில் இல்லை. துல்லியமாக அளப்பதுதான் அவர் தொழில்.

அவர் வீட்டருகே 500 கெஜ நீளத்துக்கு மூடிய சோதனைக்கூடம் ஒன்றைக் கட்டினார். முறுக்கை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார். 60 அங்குலத்துக்கு ஒரு சுற்றில் தொடங்கி, ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று வரைக்கும் சோதித்தார். கடைசியில் அவர் வந்து நின்ற இடம்: அறுகோண வடிவக் குழல், விட்டம் 0.451 அங்குலம், முறுக்கு ஒன்றுக்கு 20.

தோட்டாவின் எடை 530 கிரெய்ன், அதாவது சுமார் 34 கிராம். என்ஃபீல்டு தோட்டாவுக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான்! ஆனால் விட்வொர்த் தோட்டா ஒல்லி, அதனால் நீளம் கூடுதல். எடை மாறவில்லை, நீளம் மாறியது. முறுக்கோ நான்கு மடங்கு வேகமானது.

சுழற்சி எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டுமே வினாடிக்கு 1,200 அடி வேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். என்ஃபீல்டு தோட்டா வினாடிக்குச் சுமார் 185 சுற்று. விட்வொர்த் தோட்டா 720 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 43,200. மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதைப் போல ஆறு மடங்கு.

1857-ல் இரண்டையும் எதிரெதிராக வைத்துச் சோதித்தார்கள். 500 கெஜ தூரத்தில் என்ஃபீல்டு குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 2.24 அடி விலகின. விட்வொர்த் விலகல் 0.37 அடி, அதாவது ஒரு சாண்கூட இல்லை. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டால் இலக்கைத் தொடவே முடியவில்லை, விட்வொர்த் தொட்டது.

1860 ஜூலையில் விம்பிள்டனில் நடந்த தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் விழுந்தது.

இவ்வளவு நல்ல துப்பாக்கியை ராணுவம் வாங்கியதா? இல்லை. விலை என்ஃபீல்டைவிடப் பல மடங்கு. குறுகிய குழலில் கரி சீக்கிரம் படிந்து, அடுத்த தோட்டாவை இறக்குவதே கஷ்டமாகிவிடும். ஆனால் பாடம் வீணாகவில்லை. 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளில் விட்டம் 0.45 அங்குலம், முறுக்கு ஒன்றுக்கு 22. விட்வொர்த் எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள்.

ஒரு வரிக் கணக்கு

விட்வொர்த் பணத்தையும் காலத்தையும் கொட்டிக் கண்டுபிடித்ததை, 1879-ல் ஒரு வரிச் சூத்திரமாக்கினார் ஆல்ஃபிரட் கிரீன்ஹில். வுல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்.

சூத்திரம் இதுதான்: தோட்டாவின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்குங்கள். அதை 150-ஆல் பெருக்குங்கள். வருவதைத் தோட்டாவின் நீளத்தால் வகுங்கள். எல்லாமே அங்குலத்தில். கிடைப்பதுதான் தேவையான முறுக்கு.

கவனித்தீர்களா? இதில் எடை என்ற சொல்லே இல்லை.

மூன்று கணக்குகள் போட்டுப் பார்க்கலாம்:

• அரை அங்குல உருண்டைக் குண்டு. விட்டமும் 0.5, நீளமும் 0.5. விடை: 75. உருண்டைக்கென்றே செய்யும் மஸில்லோடர் குழல்களில் ஒன்றுக்கு 60, 66, 70 என்று மெதுவான முறுக்கு வைப்பது இதனால்தான்.

• என்ஃபீல்டு மாதிரித் தோட்டா. விட்டம் 0.55, நீளம் சுமார் 1.05 என்று வைத்தால் விடை: 43.

• விட்வொர்த் மாதிரித் தோட்டா. விட்டம் 0.45, நீளம் 1.4 என்று வைத்தால் விடை: கிட்டத்தட்ட 22. அவர் சோதித்துப் பிடித்தது 20.

ஒரு நிமிஷம். என்ஃபீல்டுக்கு 43 வேணும் என்கிறது சூத்திரம்; குழலில் இருந்ததோ 78. பாதி முறுக்குதான். அப்படியானால் அது எப்படி வேலை செய்தது? இங்கேதான் இறகுப்பந்து வருகிறது. அடி குடைந்த தோட்டாவில் எடை முன்னால் தள்ளி இருப்பதால், குறைந்த சுழற்சியிலும் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் தூரம் கூடக் கூட ஏன் சிதறியது என்பதற்கு ஒரு காரணத்தை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பின்னால் வந்த 1860-ஆம் ஆண்டு மாதிரிக் குட்டை என்ஃபீல்டில் ஐந்து பள்ளங்கள், முறுக்கு ஒன்றுக்கு 48. குழல் குட்டையானாலும் குறி நன்றாக இருந்ததாகப் பேர் வாங்கியது.

அப்படியானால் எல்லாக் குழலுக்கும் வேக முறுக்கே வைத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. ஆனால் முடியாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, ஈயம் மென்மையான உலோகம். உருண்டைக் குண்டு குழலைத் தொடுவது நடுவில் ஒரு மெல்லிய வளையத்தில்தான். வேக முறுக்கில் பலமாகத் தள்ளினால், அது பள்ளத்தோடு திரும்பாமல் வழுக்கிக்கொண்டு நேராக வந்துவிடும். மரை தேய்ந்த திருகாணி மாதிரி. அப்புறம் முறுக்கு இருந்தும் பயனில்லை.

இரண்டு, வார்ப்பில் ஒரு பக்கம் சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும், சுழற்சி கூடக் கூட அந்தக் கோளாறு பெரிதாகத் தெரியும். சமநிலை இல்லாத மோட்டார் சைக்கிள் சக்கரம் வேகத்தில் உதறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்று, முறுக்கு வேகமானால் தோட்டாவின் பிடிப்பும் கச்சிதமாக இருக்கணும். கருமருந்து ஒவ்வொரு முறையும் கரியைக் கக்கும். துடைக்காமல் சுட்டால் கம்பியால் இடித்தாலும் தோட்டா இறங்காது.

அதனால்தான் இன்றும் இந்த விளையாட்டில் இருப்பவர்கள் முதலில் தோட்டாவைத் தீர்மானிக்கிறார்கள், பிறகுதான் குழலை. உருண்டைக்கு 66 பக்கம். உருண்டையும் குட்டைத் தோட்டாவும் இரண்டுமே வேணும் என்பவர்களுக்குச் சமரசமாக 48. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த நவீனத் தோட்டாக்களுக்கு 28. ஆயிரம் கெஜத்துக்குச் சுடும் நீள ஈயத் தோட்டாக்களுக்கு 20 அல்லது அதற்கும் கீழே.

இதில் இன்றைய செய்தியும் ஒன்று உண்டு. ஈயம் நச்சு என்பதால் சில இடங்களில் வேட்டைக்கு ஈயத் தோட்டா தடை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலை முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. மாற்று உலோகம் செம்பு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே விட்டத்தில் அதே எடை வேணும் என்றால் தோட்டா கால் பங்குக்கு மேல் நீளமாகும். நீளம் கூடினால் என்ன ஆகணும்? இப்போது உங்களுக்கே தெரியும். பழைய குழல் புதிய தோட்டாவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

1857: முறுக்கும் கொழுப்பும்

இந்தியாவில் என்ஃபீல்டு பற்றிய பேச்சு குறியோடு நிற்கவில்லை.

பள்ளம் வெட்டிய குழலில் கரி படிந்தாலும் தோட்டா இறங்கணும் என்றால் வழுவழுப்பு வேணும். என்ஃபீல்டு தோட்டாவும் மருந்தும் ஒரு காகிதப் பொட்டலத்தில் வரும். தோட்டா இருக்கும் முனையில் கொழுப்புத் தடவியிருக்கும். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கணும். அந்தக் கொழுப்பு மாட்டினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு 1857 தொடக்கத்தில் வங்காளப் படைகளிடையே தீயாகப் பரவியது. இல்லை என்று உறுதியாகச் சொல்ல அதிகாரிகளாலும் முடியவில்லை. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரே நேரத்தில் விழுந்த அடி அது. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. மே 10-ல் மீரட்.

கிளர்ச்சிக்கு நில வரி, சம்பளம், அவமதிப்பு என்று எத்தனையோ காரணங்கள் ஏற்கெனவே குவிந்திருந்தன. தோட்டா மட்டுமே காரணம் என்றால் அது தப்பு. ஆனால் குவிந்ததைப் பற்றவைத்த நெருப்புகளில் ஒன்று, ஒரு குழலுக்கும் ஒரு தோட்டாவுக்கும் நடுவில் தேவைப்பட்ட அந்த வழுவழுப்பு.

கிளர்ச்சிக்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாத பகுதி. பிரிட்டிஷார் இந்தியப் படைகளுக்கென்று 1858-ஆம் ஆண்டு மாதிரி என்று தனியாக ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். வெளியே பார்த்தால் என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். குழலுக்குள் மட்டும் பள்ளங்கள் கிடையாது. விட்டத்தை 0.65 அங்குலம் அளவுக்குப் பெரிதாக்கி வழவழப்பாக்கிவிட்டார்கள். தூரத்துக்கு ஏற்றி இறக்கும் குறிகாட்டிக்குப் பதில் ஒரு எளிய நிலையான குறிகாட்டி. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு முறுக்குள்ள குழல். பக்கத்தில் நிற்கும் இந்தியச் சிப்பாய்க்கு முறுக்கு எடுத்த குழல். இன்னொரு கிளர்ச்சி வந்தால் எந்தப் பக்கத்துக் குண்டு தூரம் போகணும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள்.

ஜார்ஜ்டவுனில் ஜாலான் சிப்பாய் லைன்ஸ் என்ற சாலை இன்றும் இருக்கிறது. மெட்ராஸ் ராணுவத்தின் படைப்பிரிவுகள் பல பத்தாண்டுகள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் காவலுக்கு இருந்தன. சிப்பாய்களில் தமிழரும் தெலுங்கரும் நிறைய. அந்தச் சாலைப் பெயர் பலகையைக் கடக்கும்போது, அந்த இந்தியத் துப்பாக்கியையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளலாம்.

இன்று இதெல்லாம் யாருக்கு?

1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜ தூரங்களில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் கையில் ரிக்பி நிறுவனத்தின் மஸில்லோடர். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் தோட்டா போடும் புதிய ரைஃபிள். முடிவு 934-க்கு 931, அமெரிக்காவுக்கு வெற்றி. அயர்லாந்து வீரர் ஒருவர் தப்பான பலகையில் மையத்தைத் துளைத்ததுதான் வித்தியாசம்!

ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஓடுபாதையின் நீளம் சுமார் 3.35 கிலோமீட்டர். அதில் கால்வாசிக்கும் மேல். அவ்வளவு தூரத்துக்கு, வாய் வழியாக மருந்து கெட்டித்து, ஒவ்வொரு முறையும் குழலைத் துடைத்துச் சுட்டார்கள். நீளத் தோட்டாவும் வேக முறுக்கும் சரியாக ஜோடி சேர்ந்தால் பழைய முறையே புதியதோடு மோத முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இன்று இது ஒரு சர்வதேச விளையாட்டு. 1971-ல் அமைந்த மஸில்லோடர் சங்கங்களின் சர்வதேசக் குழு போட்டிகளை நடத்துகிறது. நூறு மீட்டர் போட்டிகளில் ஒன்றுக்கு மினியே என்றும் இன்னொன்றுக்கு விட்வொர்த் என்றும் பேர்.

ஆனால் மலேசியாவில் இதை வீட்டில் முயற்சி செய்யும் எண்ணமே வேண்டாம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையாக்கியது. வெடிமருந்துக்கு 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. தாத்தா வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி ஏதாவது கிடைத்தால், 'பழசுதானே' என்று தூக்கி ஆராயாதீர்கள். உள்ளே மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல வருஷம் கழித்தும் வெடிக்கும். தொடாமல் போலீஸுக்குச் சொல்வதுதான் சரி.

சுருக்கமாக

• முறுக்கு வீதம் என்பது தோட்டா ஒரு முழுச் சுற்றுக்கு நகரும் நீளம். எண் சின்னதானால் சுழற்சி வேகம்.

• எவ்வளவு முறுக்கு வேணும் என்பதைத் தோட்டாவின் நீளமும் விட்டமும் முடிவு செய்கின்றன. உருண்டைக்கு மெதுவு, நீளத்துக்கு வேகம்.

• என்ஃபீல்டும் விட்வொர்த்தும் கிட்டத்தட்ட ஒரே எடைத் தோட்டாவைச் சுட்டன. நீளமும் முறுக்கும் மாறியதால் 500 கெஜத்தில் சிதறல் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது.

• விரியும் தோட்டாவின் யோசனைக்குத் தென்னிந்திய ஊதுகுழல் அம்பு ஒரு தூண்டுதல் என்று பதிவு இருக்கிறது.

• 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் துப்பாக்கியிலிருந்து முறுக்கு வேண்டுமென்றே எடுக்கப்பட்டது.

அடுத்த முறை ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பழைய துப்பாக்கியைப் பார்த்தால், கைப்பிடியின் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குழலின் வாயையும் பாருங்கள். உள்ளே பள்ளம் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்தே அதை யாருடைய கைக்காகச் செய்தார்கள் என்று சில நேரம் சொல்லிவிடலாம்.